டீசல் புகை: எலியிடம் கேட்டதும் கேட்காததும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கி என்ற ஊரில், 1980களின் முற்பகுதியில் லவ்லேஸ் ஆய்வகத்தின் ஒரு கூடத்தில் வண்டியில் பூட்டாத டீசல் எஞ்சின்கள் நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தன. ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் அவை. நகரச் சாலையில் போகும் வண்டி எப்படிக் கிளம்பி, வேகமெடுத்து, சிக்னலில் நின்று, மறுபடி கிளம்புமோ அதே ஏற்ற இறக்கத்துடன் அவற்றை டைனமோமீட்டர் என்ற சோதனைக் கருவியில் பூட்டி ஓட்டினார்கள். வெளிவந்த புகையைச் சுத்தமான காற்றோடு கலந்து நீர்க்கச் செய்து, ஒரு கன மீட்டர் காற்றில் 350, 3,500, 7,000 மைக்ரோகிராம் கரித்துகள் என்ற மூன்று அளவுகளில், எலிகள் இருந்த அறைகளுக்குள் செலுத்தினார்கள். நான்காவது குழுவுக்கு வடிகட்டிய காற்று மட்டும். நாளுக்கு ஏழு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், முப்பது மாதம் வரை இது நடந்தது. ஆய்வக எலியின் ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், பிறந்து நான்கு மாதத்தில் புகைக்குள் போன எலி தன் எஞ்சிய வாழ்நாளை அதற்குள்ளேயே கழித்தது என்று சொல்லிவிடலாம்.

கால்நடை மருத்துவப் படிப்பிலிருந்து நுரையீரல் ஆராய்ச்சிக்கு வந்த ஜோ மாடர்லியும் அவருடைய சகாக்களும் 1987இல் இதன் முடிவை வெளியிட்டார்கள். சுத்தக் காற்றைச் சுவாசித்த எலிகளில் 0.9 சதவீதத்துக்கு நுரையீரல் கட்டி இருந்தது. குறைந்த அளவுப் புகையில் 1.3 சதவீதம், நடு அளவில் 3.6 சதவீதம், அதிக அளவில் 12.8 சதவீதம். அளவு கூடக் கூட நோயும் கூடியது. கட்டிகளில் பெரும்பாலானவை இரண்டாண்டு கடந்த பிறகே தென்பட்டன. ஆய்வை ஒரு வருடத்தில் முடித்திருந்தால் டீசல் புகைக்கு நற்சான்று கிடைத்திருக்கும்.

மதுரைக்கு வெளியே ஒரு பார்மசி கல்லூரியில் நான் மருந்தியல் பாடம் நடத்துகிறேன்; ஆய்வுக்கான விலங்குகளை வளர்க்கும் கல்லூரியின் அனிமல் ஹவுஸ் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. மேற்சொன்ன அட்டவணையை ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களுக்குக் காட்டுவேன். அவர்களில் பெரும்பாலோர் கடைசி எண்ணைக் குறித்துக்கொண்டு, 'டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்; எலிகளில் நிரூபிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். கே.புதூர் பக்கம் டீசல் எஞ்சின்களின் பம்ப், நாசில் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் இதே அட்டவணையைப் பற்றிச் சொன்னபோது அவர் வேறு முனையிலிருந்து பிடித்தார். "ஏப்பா, எலிக்கு வந்துச்சுன்னா எனக்கு வரணும்னு என்ன இருக்கு? நான் என்ன எலியா?" என்றார். முப்பது வருடமாகப் புகைக்குள் நின்று வேலை செய்கிறவர் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்னது என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை. மாணவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நச்சியல் துறை இருபது ஆண்டுக்கு மேல் தலையைப் பிய்த்துக்கொண்டதும் அந்தக் கேள்வியில்தான்.

முதலில் அளவைப் பார்ப்போம். காற்றிலுள்ள நுண்துகள்களுக்கு, அதாவது பி.எம். 2.5க்கு, இந்தியத் தர நிர்ணயம் 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அதிக அளவுப் புகையில் இருந்த எலி அதைப்போல நூறு மடங்குக்கும் மேலாகச் சுவாசித்தது. ஆய்வகத்தில் இப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. லட்சம் பேரில் பத்துப் பேருக்கு வரக்கூடிய ஒரு நோயைச் சில நூறு எலிகளில் பார்க்க வேண்டுமென்றால், அளவை உயர்த்தாமல் அது கண்ணில் படாது. அப்படி உயர்த்தும்போது, சிறிய அளவில் நடக்கும் அதே சங்கதிதான் பெரிய அளவில் பெரிதாக நடக்கிறது என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கிறோம். டீசல் விஷயத்தில் அந்த அனுமானம் ஆட்டம் கண்டது.

டீசல் கரித்துகள் என்பது மிக நுண்ணிய கரிமணிகள் சங்கிலியாகவும் கொத்தாகவும் ஒட்டிக்கொண்ட ஒன்று. ஏறக்குறைய எல்லாமே ஒரு மைக்ரானுக்குக் கீழே. எண்ணிக்கையில் பெரும்பகுதி 0.1 மைக்ரானுக்கும் கீழே. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு ஆழம் வரை இறங்கும் என்பது விளங்கும். அந்தக் கரியின் மேற்பரப்பில் எரிந்தும் எரியாததுமான எண்ணெய்ப் பொருள்கள் படிந்திருக்கும். பென்சோபைரீன் போன்ற பல வளைய ஹைட்ரோகார்பன்கள், அவற்றின் நைட்ரோ வடிவங்கள் எல்லாம் அதில் உண்டு. 1997இல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு டீசல் புகையில் 3-நைட்ரோபென்சாந்த்ரோன் என்ற பொருளைக் கண்டறிந்தது. பாக்டீரியாவை வைத்துச் செய்யும் சோதனையில் அதுவரை அறியப்பட்ட மிகக் கொடிய மரபணு மாற்றிகளின் வரிசையில் அது நின்றது. எனவே, கரி வெறும் வாகனம், அதன் மேல் ஏறி வரும் வேதிப்பொருள்தான் குற்றவாளி என்று பலரும் நினைத்ததில் வியப்பில்லை.

அதைச் சோதிக்க ஒரே வழி, வேதிப்பொருள் இல்லாத கரியை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பது. லவ்லேஸில் கிறிஸ்டன் நிகுலாவின் குழுவும், ஜெர்மனியின் ஹானோவரில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் உவே ஹைன்ரிச்சின் குழுவும் அதைச் செய்தன. இரண்டு முடிவுகளும் 1995இல் வெளிவந்தன. டயருக்கும் அச்சு மைக்கும் போடும் கார்பன் பிளாக் என்ற கரியில், டீசல் புகைக்கரியில் இருக்கும் கரிமப் பொருள்களில் சொற்பமே உண்டு. ஆனாலும் அதைச் சுவாசித்த எலிகளுக்கும் டீசல் எலிகளுக்கு வந்த அளவுக்கே கட்டிகள் வந்தன. ஹானோவர் குழு வெள்ளை பெயிண்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடையும் மிக நுண்ணிய தூளாகக் கொடுத்துப் பார்த்தது, அதிலும் கட்டி. கரியே இல்லாத, நைட்ரோ எதுவும் ஒட்டாத வெறும் தூள் அது. போதாக்குறைக்கு, கரித்துகளை வடிகட்டிவிட்டு வாயுவை மட்டும் கொடுத்தபோது எலிகளுக்குக் கட்டி வரவில்லை.

அப்படியானால் எலியின் நுரையீரலில் நடந்தது என்ன? காற்று நுண்ணறைகளில் மேக்ரோஃபேஜ் என்னும் செல்கள் ஊர்ந்து திரிந்து, உள்ளே வந்து விழும் துகள்களை விழுங்கி, மேல்நோக்கி எடுத்துச்சென்று சளியோடு வெளியேற்றிவிடும். சித்திரைத் திருவிழாவின்போது மாசி வீதிகளைக் கூட்டிப் பெருக்கும் துப்புரவுத் தொழிலாளிகளைப் போல. கூட்டம் கலைந்தால் ஒரே இரவில் வீதியைச் சுத்தமாக்கிவிடுவார்கள், ஆனால் கூட்டம் நகராமல் நின்றுகொண்டே குப்பையும் போட்டால் துடைப்பத்தை எடுத்து வீசக்கூட இடமிருக்காது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பால் மாரோ 1988இல் இதற்கு ஒரு கணக்கே போட்டார். மேக்ரோஃபேஜின் கொள்ளளவில் ஏறத்தாழ 6 சதவீதம் துகள் நிறைந்ததும் அதன் நடமாட்டம் குறையத் தொடங்குகிறது. 60 சதவீதத்தை எட்டும்போது அறவே நின்றுவிடுகிறது. மாடர்லியின் ஆய்வில் அதிக அளவுக் குழுவின் எலி ஒவ்வொன்றின் நுரையீரலிலும் இரண்டு ஆண்டு முடிவில் சுமார் 20 மில்லிகிராம் கரி தேங்கியிருந்தது. எலி நுரையீரலின் மொத்த எடையே ஒன்றிரண்டு கிராம்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தேங்கிய துகளைச் சுற்றி அழற்சி உண்டாகிறது, அழற்சிச் செல்கள் வீரியமான ஆக்சிஜன் பொருள்களைக் கக்குகின்றன, அது அருகிலுள்ள செல்களின் டி.என்.ஏ.வைப் புண்படுத்துகிறது, புண்பட்ட இடத்தை ஈடுகட்டச் செல்கள் ஓயாமல் பெருகுகின்றன, அந்தப் பெருக்கத்தில் ஒரு செல் தறிகெடுகிறது. எந்தத் துகளானாலும் கரையாமல் தேங்கினால் எலிக்கு இந்தக் கதிதான். கட்டிகளிலும்கூட, கெரட்டின் என்ற புரதம் நிறைந்த ஒருவகை நீர்க்கட்டியைப் புற்று என்று எண்ணுவதா வேண்டாமா என்று நோயியலாளர்கள் நெடுநாள் வாதாடினார்கள்.

இனத்துக்கு இனம் வேறுபாடும் சேர்ந்துகொண்டது. அதே புகையில் வைத்த ஹாம்ஸ்டர்களுக்கு நுரையீரல் கட்டி வரவில்லை. சுண்டெலிகளில் முடிவுகள் ஒரே சீராக இல்லை. நிகுலா 1997இல், இரண்டு ஆண்டு ஒரே அளவுப் புகையில் இருந்த எலிகளையும் மக்காக் குரங்குகளையும் அருகருகே வைத்து, துகள் எங்கே தங்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் ஒப்பிட்டார். எலியில் பெரும்பாலும் நுண்ணறையின் உள்வெளியிலேயே, மேக்ரோஃபேஜ்களுக்குள். குரங்கில் சுவர்த் திசுவுக்குள். அழற்சியும் எலியில்தான் கடுமையாக இருந்தது. மனிதனும் குரங்கின் பக்கமே நிற்கிறான். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலிலும் தூசு சுவர்த் திசுவில்தான் படிகிறது.

இந்த இடத்தில் வாகன, எண்ணெய்த் துறையினரின் குரல் ஓங்கியது. எலியின் கட்டி எலிக்கே உரியது, ஆகவே டீசல் புகையால் மனிதனுக்குப் புற்றுநோய் என்ற பேச்சை விட்டுவிடலாம் என்றார்கள். என் சித்தப்பாவின் வாதத்துக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்ட மாதிரி இருக்கும் அதைப் படித்தால். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி முதல் பாதியிலிருந்து வரவே வராது. பெரும் அளவில் எலிக்கு வந்த கட்டி துகள் தேக்கத்தால் வந்தது என்று காட்டினால், அந்தக் கட்டி குறைந்த அளவில் மனிதனுக்கு என்ன ஆகும் என்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் பொருள். ஒன்றும் ஆகாது என்று அது சொன்னதாக ஆகாது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான இ.பி.ஏ. 2002இல் வெளியிட்ட டீசல் மதிப்பீட்டில் எலிகளை நடத்திய விதம் எனக்குப் பிடித்தமானது. எலியின் நுரையீரல் கட்டிகளைச் சாதாரணக் காற்றில் மனிதனுக்குள்ள புற்றுநோய் அபாயத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்வதில்லை என்று அது முடிவு செய்தது. அதே வேளையில், புற்றல்லாத நுரையீரல் பாதிப்புக்கு வரம்பு நிர்ணயிக்க எலியிடம்தான் போனது. ஜப்பானில் இஷினிஷி குழுவினர் செய்த நெடுநாள் எலி ஆய்வில் கன மீட்டருக்கு 460 மைக்ரோகிராமில் கெடுதல் தென்படவில்லை. எலி மூச்சுவிடும் அளவு, துகள் படியும் இடம், வெளியேறும் வேகம் ஆகியவற்றை மனிதனுக்கு மாற்றிக் கணக்கிட்டால் அது 144 மைக்ரோகிராமுக்குச் சமம் என்று வந்தது. மனிதன் எலியைவிட நொய்ந்தவனாக இருக்கலாம் என்பதற்கு 3, மனிதரிலேயே குழந்தை, முதியவர், ஆஸ்துமாக்காரர் என்று சிலர் இன்னும் நொய்ந்தவர்கள் என்பதற்கு 10, ஆக 30ஆல் வகுத்து, ஆயுள் முழுதும் சுவாசித்தாலும் பாதகமில்லை எனத்தக்க டீசல் கரித்துகள் அளவு 5 மைக்ரோகிராம் என்று நிறுவினார்கள். எலியை ஒரு கேள்விக்கு ஏற்க மறுத்து, அடுத்த கேள்விக்கு ஏற்றுக்கொண்டார்கள். இதை முரண்பாடு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒழுங்கான சிந்தனையாகத்தான் படுகிறது. அழற்சி எலிக்கும் நமக்கும் பொதுவானது, தேக்கத்தின் உச்சத்தில் வரும் கட்டி அப்படியல்ல.

புற்றுநோய்க் கேள்விக்கான விடை கடைசியில் மனிதரிடமிருந்தே வந்தது. பொட்டாஷ், டிரோனா என்ற சோடாத் தாது, உப்பு, சுண்ணாம்புக்கல் எடுக்கும் எட்டு அமெரிக்கச் சுரங்கங்களில் வேலை பார்த்த 12,315 தொழிலாளர்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்த ஆய்வு 2012 மார்ச்சில் வெளிவந்தது. நிலக்கரி போன்ற சுரங்கங்களை விட்டு இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நுரையீரல் புற்றை உண்டாக்கும் வேறு பொருள்களின் குறுக்கீடு இவற்றில் குறைவு. சுரங்கத்துக்குள் ஓடிய டீசல் வண்டிகள்தான் முதன்மையான சந்தேகம். புகையிலைப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்த பிறகு, மிக அதிகமாகப் புகை பட்டவர்கள் நுரையீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு குறைவாகப் பட்டவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1988 முதல் 'அநேகமாக' என்ற வகையில் வைத்திருந்த டீசல் புகையை, மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகைக்கு மாற்றியது. எலிகளின் சான்றும் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஆனால் தராசை இறக்கியது சுரங்கத் தொழிலாளர்களின் மரணக் கணக்கு.

இவ்வளவு எலிகளும் வீணா என்று ஒரு மாணவி கேட்டாள். புற்றுநோயைப் பொறுத்தமட்டில் பாதி வீண் என்று சொல்லலாம். ஆனால் விலங்குகள் நமக்குச் சொன்னவற்றில் பயனுள்ளவை, நாம் அதிகம் பேசாத இரண்டு இடங்களில் இருக்கின்றன.

முதலாவது ஒவ்வாமை. தோக்கியோவில் முரானகாவும் சகாக்களும் 1986இல் சுண்டெலிகளுக்கு ஒவ்வாமைப் புரதத்தைத் தனியாகவும், டீசல் துகளோடு கலந்தும் ஊசி மூலம் செலுத்தினார்கள். தனியாகச் செலுத்தியபோது சுமாராக எழுந்த, ஒவ்வாமைக்குக் காரணமான ஐ.ஜி.இ. எதிர்ப்பொருள், துகளோடு சேர்ந்தபோது வெகுவாக உயர்ந்தது. செடார் மரத்தின் மகரந்தத்திலும் இதே விளைவு. ஜப்பானில் மகரந்தக் காய்ச்சல் பெருகிவந்த காலம் அது; மரங்கள் காலங்காலமாக அங்கேதான் நின்றன, பெருகியது டீசல் வண்டி. வயிற்றறையில் ஊசி போட்டதற்கும் மூக்கால் சுவாசிப்பதற்கும் நிறைய தூரம் என்று யாரும் சொல்லலாம், சரியாகவும் சொல்லலாம். அதற்கும் பதில் வந்தது: 1990களில் லாஸ் ஏஞ்சலஸில் டியாஸ்-சான்செஸும் சாக்சனும் தன்னார்வலர்களின் மூக்கினுள் 0.3 மில்லிகிராம் டீசல் துகளைத் தெளித்து, உள்ளூரிலேயே ஐ.ஜி.இ. பெருகுவதைக் காட்டினார்கள். டீசல் துகள் தானே ஒவ்வாமைப் பொருளாவதைவிட, மகரந்தம் போன்ற வேறு பொருளுக்கு உடல் காட்டும் ஒவ்வாமைக்குக் கொம்பு சீவிவிடுகிறது என்பதுதான் சுண்டெலி சொன்ன சேதி. பஸ் ஸ்டாண்டுக் கடையில் உட்காருகிற நாளில் மட்டும் தும்மலும் இழுப்பும் அதிகம் என்று சொல்லும் ஆரப்பாளையத்துப் பூக்காரம்மாவுக்குப் பூவையே காரணம் சொல்லி அனுப்பும் மருத்துவர்கள் இந்தச் சேதியைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டாவது, இரத்தம் உறைவது. இதில்தான் சிறிய அளவும் குறுகிய நேரமும் பேசுகின்றன. முப்பது மாதம் காத்திருக்கத் தேவையில்லை. பெல்ஜியத்தின் லூவன் நகரில் நெம்மாரும் அவருடன் இருந்தவர்களும் ஹாம்ஸ்டர்களின் மூச்சுக்குழாயில் டீசல் துகளைச் செலுத்திவிட்டு, தொடை இரத்தக்குழாயில் லேசான காயத்தை உண்டாக்கி, அங்கே இரத்தக் கட்டி எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்று அளந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வித்தியாசம் தெரிந்தது. தட்டணுக்கள் சீக்கிரமாகவே ஒட்டிக்கொண்டன. புகை இறங்கிய இடம் நுரையீரல், விளைவு தெரிந்த இடம் தொடை. 2003இல் வந்த இந்த முடிவைப் படித்தபோது, நுரையீரல் கட்டியே வராத அதே ஹாம்ஸ்டர் இனம் இங்கே முக்கியமான ஒன்றைச் சொல்கிறதே என்று எனக்குத் தோன்றியது. எந்தப் பிராணி நல்ல மாதிரி என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது.

இதற்குப் பிறகு மனிதரிடம் போனார்கள். ஒருமுறை மாரடைப்பு வந்து தேறிய இருபது ஆண்களை, கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராம் நீர்த்த டீசல் புகை இருந்த அறையில் ஒரு மணி நேரம் வைத்து, இடையிடையே சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். பெரிய நகரங்களின் நெரிசலான சாலையில் காணக்கூடிய அளவு அது. உழைப்பின்போது இதயத்துக்கு இரத்தம் பற்றாத அடையாளம் இ.சி.ஜி.யில் சுத்தக் காற்றில் இருந்ததைவிடப் புகையில் அதிகமாகத் தெரிந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் இயற்கைப் பொருள் குழாயின் உட்சுவரிலிருந்து சுரப்பதும் குறைந்தது. 2007இல் நிக்கோலஸ் மில்ஸ் குழுவினர் வெளியிட்ட இந்த ஆய்வுக்குப் பின், அதே ஆராய்ச்சியாளர்கள் 2011இல் புகைக்குழாயில் துகள் வடிகட்டியைப் பொருத்திப் பார்த்தார்கள். இரத்தக்குழாய் விரிவதிலும் இரத்தம் உறைவதிலும் காணப்பட்ட கெடுதல் நீங்கியது. ஆக, குற்றவாளி துகள்தான் என்பது ஹாம்ஸ்டரிலிருந்து மனிதன் வரை ஒரே கோட்டில் வந்து நிற்கிறது. மாரடைப்பு வந்தவர்களிடம் 'தினமும் நடங்க' என்று மருத்துவர் சொல்வார். எங்கே, எந்த நேரத்தில் என்று யாரும் சொல்வதில்லை. பைபாஸ் ரோட்டோரம் காலை ஒன்பது மணிக்கு நடப்பதும், விடிகாலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றுவதும் ஒன்றல்ல.

எலியிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்ட கதையும் ஒன்று உண்டு. அதில் எலி இல்லை, குரங்கு. வோக்ஸ்வாகன், டைம்லர், பி.எம்.டபிள்யூ. ஆகிய நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஓர் அமைப்பு, லியோன் முகமையின் முடிவுக்கு எதிர்ச்சான்று தேடி, 2014இல் அதே ஆல்புகர்க்கி ஆய்வகத்தில் பத்து மக்காக் குரங்குகளைக் காற்றுப்புகாத அறைகளில் வைத்தது. பழைய ஃபோர்டு டீசல் வண்டியின் புகை ஒருபுறம், புதிய வோக்ஸ்வாகன் பீட்டிலின் புகை மறுபுறம். குரங்குகள் அமைதியாக இருக்கக் கார்ட்டூன் படம் போட்டுக் காட்டினார்கள். பீட்டில் ஆய்வகச் சோதனை உருளைமேல் ஓடும்போது மட்டும் புகையைக் குறைத்துக்காட்டும் மென்பொருள் அந்த வண்டியில் இருந்தது ஆய்வாளர்களுக்குத் தெரியாது. 2015இல் மோசடி வெளியானது, 2018 ஜனவரியில் குரங்குச் சோதனை பத்திரிகையில் வந்தது, உலகமே குரங்குகளுக்காகக் கொதித்தது. எனக்கு அதைவிட வருத்தமளித்தது, விடையை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு உயிருள்ள பிராணிகளை அதற்குக் கையெழுத்துப் போட வைத்ததுதான். பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் எங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஆறு எலிக்கு விண்ணப்பம் போட்டாலும் 'இந்த விடை வேறு வழியில் கிடைக்காதா?' என்று கேட்கும். அந்தக் கேள்வியின் அருமை இந்த மாதிரி நேரத்தில்தான் உறைக்கும்.

புதிய எஞ்சின்களைப் பற்றி நேர்மையாகக் கேட்கப்பட்ட கேள்வியும் உண்டு. ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு, அமெரிக்காவில் 2007 விதிகளுக்கு உட்பட்டு வந்த லாரி எஞ்சினின் புகையை விஸ்டார் இன எலிகளுக்கு, நாளுக்கு 16 மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், முப்பது மாதம் வரை கொடுத்துப் பார்த்தது. 2015இல் வந்த முடிவில் கட்டி கூடவில்லை. துகள் வடிகட்டி கரியைப் பெரும்பாலும் பிடித்துவிட்டதால், புகையின் வலுவைக் கரியால் அளக்காமல் நைட்ரஜன் டை ஆக்சைடால் அளக்க வேண்டியதாயிற்று. நுரையீரலில் தென்பட்ட லேசான மாற்றங்களும் அந்த வாயுவுக்குரியவையாகவே இருந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு விற்கும் டீசல் வண்டிகள் ஏறத்தாழ இந்த வகை. டீசலில் கந்தகமும் முன்பிருந்த 50 பி.பி.எம்.மிலிருந்து 10க்கு இறங்கியது.

இந்த நல்ல செய்தியைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் பட்டறையில் நாசில் டெஸ்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கைப்பிடியை அழுத்தினால் நாசிலின் நுனியிலிருந்து டீசல் பனிமூட்டம் போலச் சீராகப் பீறிட வேண்டும். அவர் கையிலிருந்த நாசில் ஒருபக்கமாகப் பீய்ச்சிவிட்டு, நுனியில் ஒரு சொட்டு உருண்டு நின்றது. அந்தச் சொட்டுதான் சிலிண்டருக்குள் போய் முழுதாக எரியாமல் கரும்புகையாகத் திரும்புகிறது. "புது வண்டில டிபிஎஃப் இருக்குன்னு சொல்றியே, ஊருக்குள்ளயே ஓடுற வண்டிக்கு அது அடைச்சுக்கிரும். லைட் எரியும், வண்டி இழுக்காது. உடனே கழட்டிப்புடுங்கம்பான்" என்றார். டிபிஎஃப் என்பது அந்தத் துகள் வடிகட்டிதான். அதில் சேரும் கரி எரிந்து சுத்தமாக, வண்டி கொஞ்ச நேரமாவது சூடேறி ஓட வேண்டும். கோரிப்பாளையத்துக்கும் பெரியார் நிலையத்துக்கும் இடையே ஊர்ந்துகொண்டிருந்தால் அந்தச் சூடு ஏறாது. அமெரிக்க ஆய்வில் விஸ்டார் எலி சுவாசித்தது வடிகட்டி பழுதில்லாமல் இருந்த எஞ்சினின் புகையை. வடிகட்டியைக் கழற்றிய வண்டியின் புகைக்கு அந்த எலி பொறுப்பாகாது.

நம் ஊரில் இதைவிடக் கவனிக்காமல் விடப்படுவது ஜெனரேட்டர். எங்கள் அனிமல் ஹவுஸில் உமி பரப்பிய கூண்டுகளில் விஸ்டார் எலிகளே இருக்கின்றன. கட்டடத்தின் பின்புறம், காற்றை உள்ளிழுக்கும் விசிறிக்கு நாலடி தள்ளி, ஜெனரேட்டரின் புகைக்குழாயை யாரோ ஒரு காலத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்த எலியும் கொடுக்காத எலியும் சேர்ந்து டீசல் புகையைச் சுவாசித்தன. விசிறியின் தகட்டில் விரலை வைத்து எடுத்தால் மைபோல் ஒட்டும். ஆஸ்துமா மருந்து பற்றி அங்கே செய்த ஒரு மாணவர் ஆய்வில், ஒன்றுமே கொடுக்காத எலிகளின் நுரையீரலைத் துண்டாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது, மேக்ரோஃபேஜ்களுக்குள் கருப்புப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் சாயம் சரியில்லை என்றுதான் நினைத்தார்கள்.

புகைக்குழாய் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எளிய சூத்திரமே இருக்கிறது. ஜெனரேட்டரின் கே.வி.ஏ. திறனுக்கு வர்க்கமூலம் எடுத்து, 0.2ஆல் பெருக்கினால் எத்தனை மீட்டர் வருகிறதோ, அத்தனை மீட்டர் கட்டடத்தின் உயரத்துக்கு மேலே போக வேண்டும். 100 கே.வி.ஏ. என்றால் மொட்டை மாடிக்கு மேல் 2 மீட்டர். எங்களுடையது 62.5, ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இரும்புக் குழாயும் வெல்டிங் கூலியும் சேர்த்து நிர்வாகம் ஒப்புக்கொள்ள ஒரு பருவத் தேர்வு முடியும் வரை ஆனது. எலிகளுக்காக என்று எழுதிய கடிதம் நகரவில்லை. அடுத்த அறையில் உட்காரும் ஊழியர்களின் பெயரையும் சேர்த்து எழுதிய பிறகு நகர்ந்தது. மதுரையில் நான் பார்க்கும் கல்யாண மண்டபங்களில் பெரும்பாலானவற்றில் குழாய் சமையற்கட்டு ஜன்னலுக்கு அருகிலோ, பந்திக்குக் காத்து நிற்பவர்களின் முகத்துக்கு நேராகவோதான் முடிகிறது. வாடகை பேசும்போது ஏ.சி. எத்தனை டன், கார் எத்தனை நிறுத்தலாம் என்று கேட்கிறவர்கள், கூடவே ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ., குழாய் எங்கே முடிகிறது என்று கேட்டால் மண்டபத்துக்காரர் முதலில் விழிப்பார். நாலு பேர் கேட்டுவிட்டால் வெல்டரைக் கூப்பிடுவார்.